ஆஷிங்டன் என்னும் சுரங்க ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்து கவுண்டியில் இருக்கிறது ஆஷிங்டன். ஒரு காலத்தில் ‘உலகத்திலேயே பெரிய சுரங்கக் கிராமம்’ என்று பெயர் வாங்கிய ஊர். கால்பந்து ரசிகர்களுக்கு இது சார்ல்டன் சகோதரர்களின் ஊர். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு மார்க் வுட்டின் ஊர். ஓவியத்தில் நாட்டம் உள்ளவர்களுக்கோ, நிலக்கரி வெட்டியவர்கள் தூரிகை பிடித்த ஊர். இத்தனையும் ஒரே ஊரில் எப்படி என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியையும் அதையொட்டி வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆஷிங்டன் சரியாக எங்கே இருக்கிறது?

நியூகாசில் நகரத்துக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர். தெற்கே வான்ஸ்பெக் ஆறு ஓடுகிறது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் நியூபிக்கின் கடற்கரை வந்துவிடும். மக்கள்தொகை இன்றைக்கு சுமார் 28 ஆயிரம்.

அங்கே ஊர் எப்படி உருவானது?

1840களில் அது நாலைந்து பண்ணைகள் கொண்ட குக்கிராமம். நிலம் போர்ட்லண்ட் பிரபுவுடையது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறிய சமயத்தில், பக்கத்தில் இருந்த தன் சுரங்கங்களுக்கு ஆள் சேர்க்க அவர் வீடுகள் கட்டிக் கொடுத்தார். 1867ல் பாத்தல் என்ற சுரங்கக் குழி தோண்டப்பட்டது. அதன் பின் ஒவ்வொன்றாகக் குழிகள் இறங்கின. ஆஷிங்டன் நிலக்கரிக் கம்பெனி ஊரைச் சுற்றியும் விரிந்தது: 1890களில் வுட்ஹார்ன், அப்புறம் லின்டன், எல்லிங்டன், லைன்மவுத்.

வேலைக்கு வந்தவர்கள் பல திசைக்காரர்கள். கார்ன்வாலில் தகரச் சுரங்கங்கள் நொடித்ததால் வந்தவர்கள், கம்பர்லாந்தின் ஈயச் சுரங்கங்களை விட்டு வந்தவர்கள், அயர்லாந்துப் பண்ணைக் கூலிகள் எல்லோரும் ஒரே வரிசை வீடுகளில் குடியேறினார்கள். பழைய கோயிலோ சந்தையோ இல்லாத இடம் அது. ஊருக்கு என்ன வேண்டுமானாலும் வந்தவர்களேதான் உண்டாக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் பிற்பாடு நடந்த பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வீடுகள் எப்படி இருந்தன?

கம்பெனி கட்டிய நீண்ட செங்கல் வரிசைகள். தெருக்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, எண்தான்: முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று பதினொன்றாம் வரிசை வரை. ரயில் பாதைக்குக் கிழக்கே ஹர்ஸ்ட் பகுதி எழுந்தபோதுதான் தெருக்களுக்கு மரம், செடிகளின் பெயர்கள் கிடைத்தன. கழிப்பறை வீட்டுக்குள் கிடையாது. பின்புறச் சந்து தாண்டிப் போக வேண்டும். சுரங்கக்காரர் குடும்பத்துக்குச் சம்பளத்தோடு இலவச நிலக்கரியும் உண்டு. அதைப் பின்சந்தில் குவியலாகக் கொட்டிவிட்டுப் போவார்கள், வீட்டுக்காரர்கள் அள்ளி உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு கம்பெனியுடையது என்பதால் வேலை போனால் வீடும் போகும். வயதாகி ஓய்வு பெற்றாலும் அதே கதிதான். நாற்பது, ஐம்பது வருடம் குழிக்குள் உழைத்தவர் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். இந்தக் கொடுமைக்கு நார்தம்பர்லாந்திலும் பக்கத்து டர்ஹாமிலும் தொழிலாளர்களே ஒரு வழி கண்டார்கள். சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, முதிய சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று சிறு வீடுகள் கட்டினார்கள். அரசாங்கம் முதியோர் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கும் முன்பே தொடங்கிய வேலை இது.

சுரங்கத்துக்குள் வேலை எப்படி நடந்தது?

இறங்கும் முன் விளக்கறையில் விளக்கு வாங்க வேண்டும். பெயருக்குப் பதில் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. யார் உள்ளே இருக்கிறார், யார் மேலே வந்துவிட்டார் என்று அந்த வில்லையை வைத்துத்தான் கணக்கு. அப்புறம் இரும்புக் கூண்டில் இறங்கி, நிலக்கரி வெட்டும் இடமான முகப்பு வரை நடக்க வேண்டும். முகப்பு பல இடங்களில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். பக்கவாட்டில் படுத்துக்கொண்டோ, ‘கிராக்கெட்’ என்ற குட்டை மணையில் உட்கார்ந்துகொண்டோ வெட்டுவார்கள்.

கூலி எடைக் கணக்கு. வெட்டியவர் நிரப்பிய சக்கரத் தொட்டியில் அவருடைய அடையாள வில்லை தொங்கும், மேலே எடை போட்டு அவர் கணக்கில் எழுதுவார்கள். எடையில் கம்பெனி ஏமாற்றுகிறது என்ற சந்தேகம் எப்போதும் இருந்ததால், தங்கள் தரப்பிலும் எடை பார்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளர்கள் 1860ல் சட்டமாகவே பெற்றார்கள். நம்பிக்கையான, கணக்குத் தெரிந்த ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்து, சம்பளத்தையும் தாங்களே கொடுத்தார்கள்.

எடைக் கூலி என்றால் எங்கே வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஒரு பக்கம் நிலக்கரி மென்மையாக இருக்கும், இன்னொரு பக்கம் தண்ணீர் ஊறும், வேறொரு இடத்தில் கல்தான் அதிகம். நல்ல இடத்தை மேற்பார்வையாளர் தன் ஆட்களுக்கே கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக நார்தம்பர்லாந்திலும் டர்ஹாமிலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கினார்கள். ‘கேவில்’ என்று அதற்குப் பெயர். எந்தக் கூட்டாளிகளுக்கு எந்த இடம் என்று சீட்டு சொல்லும். கெட்ட இடம் விழுந்தால் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அடுத்த தடவை மாறலாம். ஒரே இடத்தை ஷிஃப்ட் மாற்றி வெட்டுகிற கூட்டாளிகள் கூலியையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கூட்டாளியை ‘மாரா’ என்று கூப்பிடுவார்கள். உயிரும் சம்பளமும் அந்த ஆளை நம்பித்தான்.

குதிரைகளும் இருந்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம், மட்டக் குதிரைகள். தொட்டிகளை இழுக்க அவைதான். கீழேயே தொழுவம், கீழேயே தீவனம். இயந்திரங்கள் வந்த பிறகும் ஒருசில வேலைகளுக்கு அவற்றை வைத்திருந்தார்கள். பக்கத்து எல்லிங்டன் சுரங்கத்தின் கடைசி நான்கு குதிரைகள் மேலே வந்தது 1994ல்தான்.

பெண்கள் என்ன வேலை செய்தார்கள்?

பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை 1842ம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. நார்தம்பர்லாந்தில் அந்தப் பழக்கம் அதற்கும் முன்பே நின்றுபோயிருந்தது. ஆனால் சுரங்கம் ஓடியதில் பாதி பாரம் பெண்கள் தலையில்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

கணவன் ஒரு ஷிஃப்ட், மூத்த மகன் வேறு ஷிஃப்ட், வீட்டில் தங்கியிருக்கும் வாடகைக்காரர் இன்னொரு ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நள்ளிரவு தாண்டிக் கிளம்புவார், இன்னொருவர் காலையில் கரி பூசிக்கொண்டு வந்து நிற்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரத்தில் சாப்பாடு, தனித்தனி நேரத்தில் வெந்நீர். குளியலறை இல்லாத வீட்டில் அடுப்பு முன்னால் தகரத் தொட்டியை வைத்து, வெந்நீர் ஊற்றி, முதுகு தேய்த்துவிட்டு, அந்த அழுக்குத் தண்ணீரைச் சுமந்து போய்க் கொட்ட வேண்டும். ஈரமும் தூசியும் அப்பிய துணியை அடித்துத் துவைத்து அடுப்பருகே காய வைக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆண்கள் குழிக்குப் போகும் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு முழுத் தூக்கம் என்பதே கிடையாது.

சுரங்க வாசலிலேயே குளியல் கூடங்கள் வந்ததுதான் அவர்கள் வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றம். 1920ம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு பென்னி வீதம் நல நிதி சேர்ந்தது. அந்தப் பணத்தில் விளையாட்டு மைதானங்களும் மன்றங்களும் குளியல் கூடங்களும் எழுந்தன. சுரங்கத்துக்குள் கால் வைக்காத பெண்களுக்கு அதிகம் பயன்பட்ட சுரங்கச் சட்டம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் சமையல். ஸ்டாட்டி என்ற தட்டையான வட்ட ரொட்டி, பட்டாணிப் பருப்பை வேகவைத்துக் கடைந்த களி, லீக் என்ற வெங்காயக் குடும்பத்துச் செடியின் தண்டை மாவுக்குள் வைத்து அவித்த புட்டிங், இவையெல்லாம் அந்த வட்டாரத்துச் சாப்பாடு. கிழிந்த துணிகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் குத்தி மிதியடி செய்வதும் வீட்டு வேலைதான். கிறிஸ்துமஸுக்குப் புது மிதியடி விரிப்பது பல வீடுகளில் வழக்கம்.

பெரிய விபத்துகள் நடந்தனவா?

நடந்தன. 1916 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, வுட்ஹார்ன் சுரங்கத்தில் வாயு வெடித்து 13 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுச் சின்னம் இப்போது வுட்ஹார்ன் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது.

வட்டாரத்தையே உலுக்கியது அதற்கும் முன்பு, 1862 ஜனவரியில் நடந்த ஹார்ட்லி விபத்து. ஆஷிங்டனுக்குத் தெற்கே உள்ள சுரங்கம் அது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பிரம்மாண்டமான இரும்பு உத்தரம் உடைந்து குழிவாயில் விழுந்து அடைத்துக்கொண்டது. வெளியே வர வேறு வழி இல்லை. 204 ஆண்களும் சிறுவர்களும் செத்துப்போனார்கள். ஒரே வீட்டில் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து போன குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் வெளியேற இரண்டு வழிகள் கட்டாயம் என்று அதே வருடம் சட்டம் வந்தது. பிரிட்டனின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்களில் பல இப்படிப் பிணங்களை எண்ணிய பிறகு வந்தவைதான்.

பெயர் வெளியே வராத சாவுகள் இதைவிட அதிகம். கூரைக் கல் விழுந்து ஒருவர், தொட்டி மோதி ஒருவர் என்று வருடம் முழுக்க நடந்தது.

தொழிற்சங்கம் எவ்வளவு வலுவாக இருந்தது?

நார்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் தாமஸ் பர்ட், பத்து வயதில் குழிக்குப் போனவர். 1874ல் ஆஷிங்டனுக்குப் பக்கத்து மார்ப்பெத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். தொழிலாளி வர்க்கத்திலிருந்து அங்கே நுழைந்த முதல் உறுப்பினர்களில் ஒருவர், 1918 வரை அந்தத் தொகுதி அவர் கையில்தான் இருந்தது.

சங்கத்தின் வருடாந்தரத் திருவிழாவுக்குப் பெயர் சுரங்கத் தொழிலாளர் பிக்னிக். 1864லிருந்து நடக்கிறது. ஒவ்வொரு சுரங்கத்தின் கிளையும் தன் பட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு, தன் பித்தளை வாத்தியக் குழுவோடு ஊர்வலம் வரும். பேச்சு, பாட்டு, நடனம், குடும்பத்தோடு சாப்பாடு எல்லாம் உண்டு. சுரங்கம் ஒன்றுகூட இல்லாத இந்தக் காலத்திலும் வுட்ஹார்னில் அந்தக் கூட்டம் கூடுகிறது.

வேலை முடிந்த பிறகு மக்கள் என்ன செய்தார்கள்?

கிளப்புக்குப் போனார்கள் என்பது சுருக்கமான பதில். ஆஷிங்டனில் தொழிலாளர் கிளப்புகள் தெருவுக்குத் தெரு இருந்தன. முதலாளியின் மதுக்கடை இல்லை, உறுப்பினர்களே சொந்தமாக நடத்தும் இடம். பீர் விலை குறைவு, லாபம் உறுப்பினர்களுக்கே. கூட்டுறவுக் கடையும் அப்படித்தான், வாங்கிய பொருளுக்குத் தக்கபடி வருடத்தில் இரண்டு மூன்று தடவை லாபப் பங்கு கிடைக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலணியெல்லாம் அந்தப் பணத்தில்தான்.

பகல் வெளிச்சத்தையே அரிதாகப் பார்க்கிறவர்களுக்குத் திறந்த வெளி மீது ஆசை அதிகம். பந்தயப் புறா வளர்த்தார்கள். விப்பெட் என்ற ஒல்லியான ஓட்ட நாய்களைப் பழக்கினார்கள். வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குத்தகைத் துண்டு நிலம் வைத்துக் காய்கறி போட்டார்கள்.

அதிலும் லீக் வளர்ப்பு ஒரு வெறி. தடித்த வெள்ளைத் தண்டு இருக்கும் செடி அது. யாருடைய லீக் பெரியது என்று இலையுதிர் காலத்தில் கிளப்புகளில் போட்டி நடக்கும். மெத்தை, அலமாரி, பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி என்று வீட்டுச் சாமான்கள்தான் பரிசு. உரக் கலவை பரம ரகசியம், தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வார். போட்டி நெருங்க நெருங்க, எதிராளி வந்து செடியை வெட்டிவிடுவான் என்று ராத்திரி காவல் இருந்தவர்களும் உண்டு.

மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தேவாலயங்களும் வலுவாக இருந்தன. மேடையில் பேசவும் கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பல சங்கத் தலைவர்கள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சுரங்கத் தொழிலாளர்கள் ஓவியர்களானது எப்படி?

இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள நேரம் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொழிலாளர் கல்விச் சங்கம் என்ற அமைப்பு பிரிட்டன் முழுக்க மாலை வகுப்புகள் நடத்தியது. அதன் ஆஷிங்டன் கிளையில் ஏற்கெனவே பல பாடங்கள் படித்தவர்கள், 1934ல் ஓவிய ரசனை படிக்கலாம் என்று தீர்மானித்தார்கள். நியூகாசிலிலிருந்து ராபர்ட் லயன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். முதல் வகுப்புகளில் மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியங்களின் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். மாணவர்களுக்கு ஒட்டவில்லை. அந்த ஓவியங்களை அவர்கள் நேரில் பார்த்ததில்லை, பார்க்க வழியும் இல்லை. ஒரு படத்தின் அர்த்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் அவர்கள் கேட்டார்கள். அப்படியானால் நீங்களே வரைந்து பாருங்கள், வரைகிறபோது புரியும் என்றார் லயன்.

அவர்களில் பெரும்பாலோர் பதினான்கு வயதுக்குள் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். முதலில் தரைவிரிப்பான லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்தார்கள், பிறகு வண்ணம் தீட்டினார்கள். கான்வாஸ் வாங்கக் காசில்லை. ஒட்டுப்பலகையிலும் அட்டையிலும், சுவருக்கு அடிக்கும் பெயின்டை வைத்து வரைந்தார்கள். வாரா வாரம் ஒரு தலைப்பு. வீட்டில் வரைந்து எடுத்து வந்து சுவரில் சாய்த்து வைப்பார்கள், ஒவ்வொரு படத்தையும் எல்லோரும் சேர்ந்து விமர்சிப்பார்கள். குழிக்குள் தவறைத் தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவர்கள், இங்கேயும் அப்படியே பேசினார்கள்.

என்ன வரைந்தார்கள்? தங்களுக்குத் தெரிந்ததை. படுத்துக்கொண்டு வெட்டுகிற ஆள், குதிரைத் தொழுவம், புறாக் கூண்டு, விப்பெட் நாய், தோட்டம், அடுப்பங்கரை. ஆலிவர் கில்போர்ன் சிறுவனாகக் குழிக்குப் போனவர், சுரங்கத்துக்காரனின் வாழ்க்கையை முதல் நாளிலிருந்து வரிசையாக வரைந்து வைத்தார். ஜார்ஜ் பிளெஸெட், ஜிம்மி ஃபிளாய்ட் போன்றவர்களும் குழுவில் இருந்தார்கள். ஹாரி வில்சன் சுரங்கத்துக்காரர் அல்ல, செயற்கைப் பல் செய்யும் தொழில் அவருக்கு.

1936ல் நியூகாசிலின் ஹாட்டன் அரங்கில் முதல் கண்காட்சி நடந்தது. லண்டன் விமர்சகர்களும் கலை ஆர்வலர்களும் தேடி வந்தார்கள். இவர்கள் வேலையை விடவில்லை. சனிக்கிழமை வரைந்துவிட்டுத் திங்கட்கிழமை கூண்டில் இறங்கினார்கள். லயன் 1942ல் எடின்பரோவுக்குப் போய்விட்டார், குழு தானே நடந்தது. சொந்தமாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு 1980களின் தொடக்கம் வரை வாரம் தவறாமல் கூடினார்கள். 1980ல் அவர்களுடைய ஓவியங்கள் சீனாவில்கூடக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

நல்ல படங்களைக் குழு விற்கவில்லை, பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டது. அதனால்தான் அந்தத் தொகுப்பு சிதறாமல் இன்றைக்கும் ஒரே இடத்தில், வுட்ஹார்ன் அருங்காட்சியகத்தில், இருக்கிறது. சுரங்க வாழ்க்கையை வெளியே இருந்து வந்து வரைந்தவர்கள் நிறைய. அவர்கள் படங்களில் ஒன்று தொழிலாளி வீரனாக இருப்பார், அல்லது பரிதாபமாக இருப்பார். ஆஷிங்டன்காரர்களின் படங்களில் அவர் சாண்ட்விச் சாப்பிடுகிறார், தலை வாருகிறார், புறாவுக்குத் தீனி போடுகிறார்.

இவ்வளவு கால்பந்து வீரர்கள் எப்படி வந்தார்கள்?

பின்சந்தில் பந்து உதைக்காத பையனே கிடையாது. ஊர் அணியான ஆஷிங்டன் ஏஎஃப்சி, 1921 முதல் 1929 வரை தேசிய லீக்கிலேயே ஆடியது.

ஜாக்கி மில்பர்ன் 1924ல் இங்கே பிறந்தார், சுரங்கத்தில் ஃபிட்டராகத் தொழில் பழகினார். நியூகாசில் யுனைடெட்டுக்காக 200 கோல் அடித்தார். 1951, 1952, 1955 என்று மூன்று முறை இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வென்ற அணியில் இருந்தார். 1955 இறுதி ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகும் முன்பே அவர் தலையால் முட்டிய கோல் விழுந்துவிட்டது. ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவருடைய பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரி சிஸி மில்பர்ன். சிஸியின் நான்கு சகோதரர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். சிஸி பாப் சார்ல்டன் என்ற சுரங்கத் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஜாக் 1935லும் பாபி 1937லும் பிறந்தார்கள். ஜாக் பதினைந்து வயதில் குழி வேலைக்குப் போய்ப் பார்த்தார், பிடிக்கவில்லை, லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். பாபி மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், 1958 மியூனிக் விமான விபத்தில் உயிர் பிழைத்தார்.

1966ல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றபோது இருவருமே அணியில். அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக இங்கிலாந்தின் இரண்டு கோல்களையும் பாபிதான் அடித்தார். அதைத் தகப்பனார் பார்க்கவில்லை. அவருக்கு அன்றைக்கு ஷிஃப்ட்.

கிரிக்கெட்டும் உண்டா?

வேகப்பந்து வீச்சாளர்கள் இருவர். ஸ்டீவ் ஹார்மிசன் 1978ல் பிறந்தவர். 2004ல் ஜமைக்காவில் 12 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்து மேற்கிந்தியத் தீவுகளை 47 ரன்னுக்குச் சுருட்டியவர், 2005 ஆஷஸ் வென்ற அணியிலும் இருந்தார். அடுத்தவர் மார்க் வுட். 2019 உலகக் கோப்பை வென்ற அணிக்காரர். 2018 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காகத் தொடக்க ஆட்டத்தில் பந்து வீசினார். அந்த ஓர் ஆட்டத்தோடு சரி. இருவருமே ஆஷிங்டன் கிரிக்கெட் கிளப்பில் வளர்ந்தவர்கள்.

சுரங்கங்கள் அரசுடைமை ஆனபோது என்ன மாறியது?

1947 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தன. மக்கள் பெயரில் வாரியம் இந்தச் சுரங்கத்தை நடத்துகிறது என்று ஒவ்வொரு வாசலிலும் பலகை வைத்தார்கள், கொடி ஏற்றினார்கள். பாதுகாப்பு மேம்பட்டது, இயந்திரங்கள் வந்தன. அருகில் இருந்த பிளைத் துறைமுகம் 1960களின் தொடக்கத்தில் வருடத்துக்கு 60 லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றியது. ஆனால் எண்ணெயும் எரிவாயுவும் போட்டிக்கு வந்ததும் அரசாங்கச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முதலாளி மாறினாலும் மேலே இருந்து உத்தரவு வருவது மாறவில்லை என்ற கசப்பு பலருக்கு இருந்தது.

1984-85 வேலைநிறுத்தத்தில் ஊர் என்ன பட்டது?

20 சுரங்கங்களை மூடி, சுமார் 20 ஆயிரம் வேலைகளைக் குறைக்கும் நிலக்கரி வாரியத்தின் திட்டத்தை எதிர்த்து 1984 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வருடம் சம்பளம் கிடையாது. சங்கம் போராட்டப் பணம் கொடுப்பதாக அரசாங்கமே கற்பனை செய்துகொண்டு, வேலைநிறுத்தக்காரர் குடும்பங்களுக்குத் தரும் உதவித்தொகையில் அதைக் கழித்தது. சங்கமோ அப்படிப் பணம் எதுவும் தரவில்லை.

நார்தம்பர்லாந்து ஊர்களைத் தாங்கிப் பிடித்தது பெண்களின் ஆதரவுக் குழுக்கள். பொதுச் சமையல், உணவுப் பொட்டலம், நிதி திரட்டல், மேடைப் பேச்சு எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துச் செய்தார்கள். அதுவரை கூட்டத்தில் பேசியே பழகாத பல பெண்கள் அந்த வருடத்தில் பேச்சாளர்கள் ஆனார்கள், சிலர் பின்னர் கல்லூரிக்கும் போனார்கள்.

1985 மார்ச்சில், எந்த உடன்பாடும் இல்லாமல், கொடி தூக்கி வாத்தியம் முழங்க வேலைக்குத் திரும்பினார்கள். வேலைக்கு முன்பே போனவர்களுக்கும் கடைசி வரை நின்றவர்களுக்கும் இடையே விழுந்த விரிசல் பல சுரங்க ஊர்களில் அண்ணன் தம்பியைக்கூடப் பிரித்தது. அதைப் பற்றி வெளியாட்கள் லேசாகப் பேசக்கூடாது.

எப்போது எல்லாம் மூடியது?

வுட்ஹார்ன் 1981. ஆஷிங்டன் 1988. எல்லிங்டன் மட்டும் கடலுக்கு அடியில் வெகுதூரம் வெட்டிக்கொண்டு நீடித்தது, 2005 ஜனவரியில் தண்ணீர் புகுந்ததால் அதுவும் மூடப்பட்டது. அப்போது சுமார் 340 பேர் வேலை செய்தார்கள். வடகிழக்கு இங்கிலாந்தின் கடைசி ஆழ்சுரங்கம் அதுதான். அந்த நிலக்கரியை எரித்து ஓடிய லைன்மவுத் அலுமினிய ஆலையும் 2012ல் மூடியது.

மூடியது நல்லதுதானே? அந்த வேலை உடம்பைக் கெடுத்ததே?

கெடுத்தது. தூசி நுரையீரலில் படிந்து மூச்சு வாங்கியே பலர் இறந்தார்கள், துளைக்கும் இயந்திரத்தின் அதிர்வால் விரல்கள் வெளுத்து மரத்துப்போனவர்கள் ஏராளம். 1990களின் கடைசியில் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகுதான் பெரிய அளவில் இழப்பீடு வந்தது. அதற்குள் நிறையப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நிலக்கரியை எரிப்பது பூமிக்கு என்ன செய்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

என் மகன் குழிக்குப் போகக்கூடாது என்று சுரங்கத் தொழிலாளர்களே எத்தனையோ பேர் சொன்னார்கள். ஆனால் மகனுக்கு வேறு வேலை இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அதைத்தான் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. சுரங்கம் மூடியதை விட, மூடிவிட்டு அப்படியே விட்டுப் போனதுதான் அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது ஊர் எப்படி இருக்கிறது?

கஷ்டம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஹர்ஸ்ட் பகுதி வறுமைப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. கடைத்தெருவில் காலிக் கடைகள் உண்டு, கிளப்புகள் குறைந்துவிட்டன. பக்கத்துக் கேம்பாய்ஸில் பிரம்மாண்டமான பேட்டரி ஆலை வருகிறது என்று பெரும் நம்பிக்கை எழுந்தது. அதைத் தொடங்கிய பிரிட்டிஷ்வோல்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் திவால் நிலைக்குப் போனது.

மறுபக்கம், ஆஷிங்டன் சுரங்கம் இருந்த இடத்தில் தொழிற்பூங்கா இருக்கிறது, ஊரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. வுட்ஹார்னின் கழிவுக் குவியல் இருந்த நிலம் ஏரியும் மரங்களுமாகப் பூங்காவாகிவிட்டது. 1964ல் நிறுத்தப்பட்ட பயணிகள் ரயில் 60 வருடம் கழித்து, 2024 டிசம்பர் 15 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது. நியூகாசிலுக்குச் சுமார் 35 நிமிடம். வேலைக்கோ கல்லூரிக்கோ போக கார் வைத்திருந்தால்தான் முடியும் என்ற நிலை அதனால் மாறியிருக்கிறது.

போய்ப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

நியூகாசிலிலிருந்து ரயிலில் ஆஷிங்டன் வந்து, அங்கிருந்து பேருந்திலோ நடந்தோ வுட்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய சுரங்கக் கட்டடங்களும் கூண்டை இறக்கிய பெரிய சக்கரக் கோபுரங்களும் அப்படியே நிற்கின்றன. 2006ல் கட்டிய புதுக் கட்டடம் நிலக்கரி வெட்டும் இயந்திரத்தின் வடிவத்தில் இருக்கும். ஓவியக் குழுவின் படங்களும் சங்கக் கொடிகளும் உள்ளே. நார்தம்பர்லாந்து ஆவணக் காப்பகமும் அதே இடத்தில்தான். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஓவியங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெளியே வந்தால் பூங்காவின் ஏரிக்குக் குட்டி ரயில் பாதை உண்டு, அது ஓடும் நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் திரும்பினால் ஹர்ஸ்ட் பூங்கா, சார்ல்டன் சகோதரர்கள் பந்து ஆடிய இடம். ஜாக்கி மில்பர்ன் சிலையையும் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம், ஸ்டேஷன் பக்கத்தில்தான்.